கேளுங்க அக்கா: ரிஜெக்ட் மெயில் சீசன்

பிப்ரவரில ஆரம்பிச்சு ஏப்ரல் முடியற வரைக்கும் நம்ம இன்பாக்ஸ்ல ஒரே ஜாதி கடுதாசியா வந்து விழும். மேல்படிப்புக்கு போட்டேன், கிடைக்கல, இப்ப என்ன பண்றது. அதனால இந்த வாரம் அத மட்டும் எடுத்துருக்கேன். மாமியார், ஈஎம்ஐ, மாடி வீட்டு நாய்னு எழுதுனவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வரும்.

அக்கா, எனக்கு 24 வயசு. எம்எஸ்சி பயோடெக் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல ஒரு லேப்ல ப்ராஜெக்ட்ல இருக்கேன். அமெரிக்காவுல பிஎச்டிக்கு போட்டேன். அப்பா சீட்டு எடுத்த பணத்துல தான் அப்ளிகேஷன் ஃபீஸ், டோஃபல் இங்கிலீஷ் டெஸ்ட் ஃபீஸ் எல்லாம் கட்டுனோம். எல்லா இடத்துலயும் ரிஜெக்ட். ஒரே ஒரு இடத்துல இன்டர்வியூ வரைக்கும் போச்சு, ராத்திரி ஜூம்ல, ப்ரொஃபசருங்க நல்லா சிரிச்சு பேசினாங்க, ஒருத்தர் நீ வந்தா இந்த ப்ராஜெக்ட்ட எடுத்துக்கலாம்னு கூட சொன்னாரு. கொஞ்ச நாள்ல வருந்துகிறோம்னு மெயில். அதுல இருந்து தூக்கமே இல்ல. அன்னைக்கு சொன்ன ஒவ்வொரு பதிலையும் ராத்திரி பூரா ரீவைண்ட் பண்ணி எங்க சொதப்புனேன்னு தேடிட்டு இருக்கேன். கூட படிச்ச பொண்ணுக்கு கிடைச்சிருச்சு, அவ சிஜிபிஏ என்ன விட கம்மி. வீட்ல வரன் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. திரும்ப போடலாமா, இல்ல எனக்கு இது வராதுன்னு ஒத்துக்கணுமா?
பெயர் வேண்டாம், நாமக்கல்

தங்கச்சி, திரும்ப போடலாமா வேணாமாங்கற கேள்விய இப்ப தொடவே தொடாத. அடுத்த டெட்லைன் டிசம்பர்ல தான், உன் டோஃபல் ஸ்கோர் ரெண்டு வருஷம் செல்லும், ஜிஆர்ஈங்கற நுழைவுத் தேர்வு எழுதியிருந்தா அது அஞ்சு வருஷம், ஒண்ணும் ஓடிப் போயிடாது. இந்த மாசம் அழுகை வந்தா அழு, லேப்ல ரெண்டு நாள் லீவு போடு, அந்த எஸ்ஓபி (ஏன் படிக்கணும்னு அப்ளிகேஷன்ல நீ எழுதுன கட்டுரை) ஃபைல மட்டும் திறக்காத. அடிபட்ட கையோட அத திறந்தா நல்லா இருக்க வரியும் மோசமா தான் தெரியும்.

உன் கடுதாசில எனக்கு உறுத்துனது "அவ சிஜிபிஏ என்ன விட கம்மி"ங்கற வரி. உன்ன குத்தம் சொல்லல, நம்ம ஊர்ல எல்லாரையும் அப்படித்தான வளத்துருக்காங்க. மேத்ஸ் நூறுக்கு, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி ரெண்டும் சேந்து நூறுக்கு, ஆக 200க்கு கட்ஆஃப், அரை மார்க் குறைஞ்சா வேற காலேஜ். அந்த சிஸ்டத்துல கிடைக்காதவங்களுக்கும் ஒரு ஆறுதல் இருக்கு பாத்தியா, ஏன் கிடைக்கலன்னு தெரியும். பிசிக்ஸ்ல அந்த ஒரு மார்க் கேள்விய விட்டுட்டேன்னு அறுபது வயசு வரைக்கும் சொல்லிக்கலாம். (அந்த இன்ஜினியரிங் கவுன்சலிங்லயே ரெண்டு பேருக்கு எல்லா மார்க்கும் ஒண்ணா வந்தா பொறந்த தேதி பாப்பாங்க, அதுவும் ஒண்ணா இருந்தா ராண்டம் நம்பர், ஆனா அத யாரும் கல்யாண வீட்ல பேசறதில்ல.) நீ இப்ப ராத்திரி ராத்திரி பண்றதும் அதேதான், அந்த ஒரு மார்க் கேள்விய தேடுற. பிஎச்டி அட்மிஷன்ல அப்படி ஒரு கேள்வியே இருக்காது, அதான் தேட தேட கிடைக்காம உயிர எடுக்குது.

அங்க எப்படி நடக்குதுன்னா, உன் சப்ஜெக்ட்ல பாதி யூனிவர்சிட்டில மொத்தமா ஒரு ப்ரோக்ராமுக்கு தான் ஆள் எடுப்பாங்க, அப்புறம் முதல் வருஷம் ரெண்டு மூணு லேப்ல சுத்தி பாத்துட்டு ஒண்ணுல உக்காரணும். அட்மிஷன் கமிட்டில இருக்கற ப்ரொஃபசருங்க தங்களோட க்ளாஸ், பேப்பர், கிராண்ட் (ஆராய்ச்சிக்கு வர்ற பணம்) எல்லாத்துக்கும் நடுவுல ஃபைல படிக்கறாங்க. நானும் இந்த மாதிரி ஒரு செலக்‌ஷன் கமிட்டில உக்காந்துருக்கேன், முதல் ரவுண்ட்ல தகுதி இல்லாதவங்கள தள்றது சுலபம், அதுக்கப்புறம் மேஜைல மிச்சம் இருக்கறது எல்லாமே எடுக்கலாம்ங்கற ஃபைல் தான், இருக்கற சீட்ட விட அது பல மடங்கு இருக்கும். அந்த இடத்துல பேச்சு யாரு பெரிய ஆளுங்கறதா இருக்காது. இந்த வருஷம் யாரு லேப்ல இடம் இருக்கு, யாரு கிராண்ட் முடியுது, போன வருஷம் நியூரோ பக்கமே எல்லாரையும் எடுத்துட்டோமே இந்த வருஷம் மைக்ரோபயாலஜி பக்கம் எடுக்கலாமா, இதான் பேச்சு. உன்கிட்ட சிரிச்சு பேசின அந்த ப்ரொஃபசர் பொய் சொல்லியிருக்க மாட்டாரு, அவருக்கு நீ வேணும்னு தோணியிருக்கும், ஆனா முடிவு அவரு கைல மட்டும் இல்லையே.

அதோட வெளிநாட்டு ஸ்டூடண்டுக்கு இன்னொரு சுவர் இருக்கு, இத நம்ம புள்ளைங்ககிட்ட யாரும் சொல்றதில்ல. உன் துறைல பல ப்ரோக்ராமுக்கு பிஎச்டி ஸ்டூடண்டுக்கான பணத்துல ஒரு பங்கு என்ஐஎச், அதாவது மருத்துவ ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கற அமெரிக்க அரசாங்க அமைப்பு, குடுக்கற ட்ரெய்னிங் கிராண்ட்ல இருந்து வருது. அந்த பணத்துல அமெரிக்க குடிமக்களையும் கிரீன் கார்டு வச்சிருக்கவங்களையும் தான் போட முடியும், சட்டமே அப்படி. நம்மள எடுக்கணும்னா டிபார்ட்மெண்ட் வேற பணம் தேடணும். நிறைய ஸ்டேட் யூனிவர்சிட்டில நம்மளுக்கு கட்டற ட்யூஷனும் உள்ளூர் ஆளுக்கு கட்டறத விட அதிகம். ஒரே ப்ரோக்ராம்னு நீ நினைச்சு போட்ட இடத்துல உள்ளுக்குள்ள ரெண்டு க்யூ இருக்கலாம், உன் க்யூவுக்கு இருக்கற சீட்டு கம்மி.

இதுக்கு மேல 2025ல நடந்தது உனக்கே தெரியும். பிப்ரவரில என்ஐஎச் கிராண்டோட சேத்து யூனிவர்சிட்டிக்கு குடுக்கற மறைமுக செலவ (கட்டடம், கரண்ட், ஆபீஸ் மாதிரி செலவு) 15 சதவீதத்துக்கு மேல தர மாட்டோம்னு அறிவிச்சாங்க, அது கோர்ட்டுக்கு போச்சு, ஆனா யூனிவர்சிட்டிங்க பயந்து போயி அட்மிஷன குறைச்சாங்க. மாசசூசட்ஸ்ல யூமாஸ் சான் மெடிக்கல் ஸ்கூல்ல பிஎச்டிக்கு ஆஃபர் குடுத்தவங்ககிட்டயே திரும்ப வாங்குனாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல ஹார்வர்டோட கலை அறிவியல் பிரிவு அடுத்த ரெண்டு அட்மிஷனுக்கு பிஎச்டி சீட்ட பாதிக்கு மேல வெட்டறதா செய்தி வந்துச்சு. ஆஃபர் கைல வாங்கினவனுக்கே இல்லன்னு ஆன காலம் இது, இதுல நீ ஜூம்ல சொன்ன ஒரு பதில்ல தான் எல்லாம் போச்சுன்னு நினைக்கறது உனக்கு நீயே பண்ற அநியாயம்.

சரி, அதுக்காக எல்லாம் அவங்க பக்கம் தான், உன் பக்கம் ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல மாட்டேன், அப்படி சொன்னா அடுத்த தடவையும் அதே ஃபைல அனுப்புவ. ஜூன் ஜூலைல மனசு கொஞ்சம் தணிஞ்சதுக்கு அப்புறம் மூணு விஷயத்த பாரு. முக்கியமானது எல்ஓஆர், அதான் சிபாரிசு லெட்டர், ஏன்னா நம்ம ஊரு அப்ளிகேஷன் அடிபடறதுல பெரிய பங்கு அதுக்குத்தான்னு நான் நினைக்கறேன். யாருகிட்ட வாங்கின? எச்ஓடி, பிரின்சிபால்னு பதவி பாத்து வாங்கினியா? அவரு "நீயே டைப் பண்ணிட்டு வாம்மா, கையெழுத்து போட்டுத் தரேன்"னு சொன்னாரா? சொல்லியிருப்பாரு. நீயும் பாவம் நெட்ல ஒரு சாம்பிள் பாத்து எழுதியிருப்ப, அதே சாம்பிள தான் எல்லாரும் பாத்தாங்க. கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவர்னு ஒரு லெட்டர் வந்தா படிக்கறவனுக்கு அது வெத்து காகிதம். அதுக்கு பதிலா இப்ப நீ வேலை பாக்கற லேப்ல உன் பக்கத்துல நின்னு பாத்த சைன்டிஸ்ட், அவரு பேரு சின்னதா இருந்தாலும் பரவால்ல, "இந்த பொண்ணு வெஸ்டர்ன் ப்ளாட்ங்கற புரோட்டீன் டெஸ்ட் ரெண்டு மாசம் சரியா வராம இருந்தப்ப ஆன்டிபாடில தான் கோளாறுன்னு தானா கண்டுபிடிச்சா"ன்னு ஒரு பாரா எழுதினா, அந்த பாரா பிரின்சிபால் லெட்டர் பத்துக்கு சமம். அவருகிட்ட இப்பவே போயி சொல்லி வை, அக்டோபர்ல ஓடாத. அவரும் நீயே எழுதிட்டு வான்னு சொன்னா, லெட்டர் எழுதாத, நீ பண்ணுன எக்ஸ்பெரிமெண்ட், சொதப்புனது, சரி பண்ணுனது எல்லாத்தையும் ஒரு பக்கம் குறிப்பா எழுதி குடு, அவரு வார்த்தைல அவர எழுத சொல்லு. கூச்சப்படாம கேளு.

எஸ்ஓபில "சின்ன வயசுல இருந்தே அறிவியல் மேல ஆர்வம்"னு ஆரம்பிச்சிருந்தா அத தூக்கு. மூணாவது, எங்க எங்க போட்டேங்கற லிஸ்ட். ரேங்கிங் பாத்து மேல இருந்து போட்டிருந்தா அது லாட்டரி. உன் கேள்விக்கு வேலை பண்ற லேப் எத்தன அங்க இருக்கு, அவங்க போன வருஷம் வெளிநாட்டு ஸ்டூடண்ட எடுத்தாங்களான்னு லேப் பேஜ்ல போட்டோவ பாத்தாலே தெரியும்.

அப்புறம் அமெரிக்கா மட்டும் தான் பிஎச்டியா? ஜெர்மனில நிறைய பிஎச்டி சீட்டு வேலை விளம்பரமா தான் வருது, வருஷம் பூரா வரும், அப்ளிகேஷன் ஃபீஸும் பொதுவா கிடையாது, சேந்தா காண்ட்ராக்ட் போட்டு சம்பளம். அங்க மாஸ்டர்ஸ் கேப்பாங்க, உன்கிட்ட எம்எஸ்சி இருக்கு. உள்ளூர்ல நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினா 2023ல இருந்து மாசம் 37,000. இத எல்லாம் ரெண்டாம்தரம்னு மூஞ்ச சுளிக்கற சீனியர் யாராவது உனக்கு இருந்தா அவங்க பேச்ச கேக்காத, பெங்களூர்லயும் ஹைதராபாத்லயும் நடக்கற பயாலஜி அமெரிக்காவுல இருக்க பாதி டிபார்ட்மெண்ட்ட விட நல்லா இருக்கும், இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

அப்பாகிட்ட சீட்டு பணத்த பத்தி நீயே பேசு. அவரு பேசாம இருக்கறத நீ கோவம்னு நினைச்சிட்டு இருப்ப, அவரு நீ உடைஞ்சிருவியோன்னு பேசாம இருப்பாரு. அடுத்த தடவை எவ்வளவு ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதி காட்டு. சில டிபார்ட்மெண்ட்ல கேட்டா ஃபீஸ தள்ளுபடி பண்ணுவாங்க, சில இடத்துல அது அவங்க நாட்டு ஆளுக்கு மட்டும், மெயில் போட்டு கேட்டுரு. வரன் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, பிஎச்டி கிடைக்காததுக்கு பதிலா கல்யாணம்னு ஒரு கணக்கு வீட்ல ஓடுதுன்னா அத நீ ஒத்துக்காத. பிடிச்சா பண்ணிக்கோ, ஆனா ரிஜெக்ட் ஆன சோகத்துல தலையாட்டாத. கூட படிச்ச பொண்ணோட இன்ஸ்டாவ ம்யூட்ல போடு, அவளுக்கு தெரியாது, தப்பும் இல்ல.

வணக்கம் அம்மா. நான் ரிட்டையர்டு போஸ்ட்மேன். என் மகன் எம்எஸ்சி பிசிக்ஸ். பிஎச்டிக்காக கேட், ஜெஸ்ட்னு நுழைவுத் தேர்வு எல்லாம் எழுதி நல்ல மார்க், ஆனா பெரிய இன்ஸ்டிட்யூட் இன்டர்வியூ எல்லாத்துலயும் ரிஜெக்ட் ஆகி வந்துட்டான். கடைசியா போன இடத்துல போர்டுல ஒரு கணக்கு போட முடியாம நின்னுட்டானாம். அதுல இருந்து ரூம விட்டு வர்றதில்ல, சாப்பாடும் சரியில்ல. சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணனே ஐம்பது இடத்துல வேலை கிடைக்காம இருந்து தான் நோபல் வாங்கினாருன்னு பேப்பர்ல படிச்சத சொன்னேன். எரிஞ்சு விழுந்தான். நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?
ஒரு தகப்பன், விழுப்புரம்

ஐயா, நீங்க சொன்னது தப்பில்ல, சொன்ன நேரம் தான். வெங்கி விஷயம் உண்மைதான், யேல் யூனிவர்சிட்டில போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) முடிச்சிட்டு அமெரிக்காவுல ஐம்பது யூனிவர்சிட்டி பக்கம் ப்ரொஃபசர் வேலைக்கு போட்டு ஒண்ணும் கிடைக்கல, அப்புறம் ஓக் ரிட்ஜ், ப்ரூக்ஹேவன்னு அரசாங்க லேப்ல வேலை பாத்தாரு, 2009ல கெமிஸ்ட்ரி நோபல். ஆனா உங்க பையன் காதுல அது எப்படி விழும்னா, நீயும் நோபல் வாங்கினா தான் இந்த தோல்விய மன்னிப்பேன்னு அப்பா சொல்றாருன்னு விழும். அவருக்கு இப்ப இன்னொரு பெரிய மனுஷன் கூட கம்பேரிசன் வேண்டாம், பக்கத்து வீட்டு பையன் ஆனாலும் சரி, நோபல் வாங்கினவரு ஆனாலும் சரி.

போர்டுல நின்னுட்டேன்னு சொன்னாரு பாருங்க, அது தான் அவர தின்னுட்டு இருக்கு. அந்த இன்டர்வியூ நடக்கற விதம் அப்படி. உனக்கு பிடிச்ச பாடம் என்னன்னு கேப்பாங்க, குவாண்டம்னு சொல்லுவான், அங்கிருந்து பிஎஸ்சி லெவல்ல ஒரு சின்ன கேள்வி, அதுக்கு பதில் சொன்னா அதுல இருந்து இன்னொண்ணு, தெரியாதுங்கற இடம் வர்ற வரைக்கும் தோண்டுவாங்க. எல்லாரும் ஒரு இடத்துல நிப்பாங்க, செலக்ட் ஆனவனும் நின்னுருப்பான். முடியாம போன இடத்துல எப்படி யோசிக்கறான்னு பாக்கறதுக்குத்தான் பல பேர் கேக்கறது, ஆனா நம்ம காலேஜுல போர்டுல சாக்பீஸ் பிடிச்சு சத்தமா யோசிக்க எங்க விட்டாங்க, நோட்ஸ் எழுதி மனப்பாடம் பண்ணி வந்த புள்ள நாலு ப்ரொஃபசர் முன்னாடி வாயடைச்சு தான் நிக்கும். அத பழக்கத்துல சரி பண்ணலாம், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் வாரம் ஒரு தடவை ஒருத்தர ஒருத்தர் போர்டுல நிக்க வச்சு கேட்டா போதும். கேட் ஸ்கோர் மூணு வருஷம் செல்லும், அடுத்த ரவுண்டுக்கு அது இருக்கு. ஆனா இத நீங்க போயி இப்ப சொல்லாதீங்க, அவரா கேக்கறப்ப சொல்லலாம்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க "என்னாச்சு தம்பி, கிடைச்சுதா"ன்னு கேக்கறத வாசல்லயே நிறுத்துங்க, அது உங்களால மட்டும் தான் முடியும். சாயங்காலம் கடைக்கு கூப்பிடுங்க, வரலன்னா நாளைக்கும் கூப்பிடுங்க, படிப்ப பத்தி பேச்செடுக்காதீங்க. அதோட ஒரு விஷயம் நேரா சொல்றேன், பயமுறுத்தறதுக்கு இல்ல. ரெண்டு வாரம் தாண்டியும் தூக்கம் சாப்பாடு சரியாகலன்னாலோ, நான் இருந்து என்ன பிரயோஜனம்னு ஒரு வார்த்தை வந்தாலோ அத சும்மா கோவத்துல சொன்னதா எடுத்துக்காதீங்க, நேரடியாவே கேளுங்க, சாகணும்னு தோணுதாப்பான்னு கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச நம்பர், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்ல பேசலாம். நீங்களே கூட கூப்பிட்டு எப்படி பேசறதுன்னு கேக்கலாம். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு போறதுல எந்த அசிங்கமும் இல்ல, கால் உடைஞ்சா எலும்பு டாக்டர்கிட்ட போறோம்ல.

வெயிட்லிஸ்ட்னு மெயில் வந்துருக்கு. இது ரிஜெக்ட்ட நாசூக்கா சொல்றதா?
வாசகர், ஓசூர்

இல்ல, நிஜமாவே காத்திருக்க சொல்றாங்க. அமெரிக்காவுல நிறைய யூனிவர்சிட்டி கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்ங்கற யூனிவர்சிட்டி அமைப்போட ஒரு தீர்மானத்துல கையெழுத்து போட்டிருக்காங்க, ஸ்டைபண்டோட (உதவித்தொகையோட) ஆஃபர் வாங்கின ஸ்டூடண்ட் ஏப்ரல் 15 வரைக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்ல. நாலஞ்சு ஆஃபர கைல வச்சிருக்க மகராசன் கடைசி நாள் வரைக்கும் யோசிப்பான், அவன் விட்டாதான் உங்களுக்கு. அதனால ஏப்ரல் ரெண்டாவது வாரம் தான் லிஸ்ட் நகரும். டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரே ஒரு மெயில், இன்னும் விருப்பமா இருக்கேன், இடையில இந்த பேப்பர் வந்துச்சுன்னு நாலு வரி. வாராவாரம் போட்டு அவங்க அட்மின் அம்மாவ படுத்தாதீங்க. ஏப்ரல் 15 தாண்டி ஒரு வாரம் ஆகியும் சத்தம் இல்லன்னா வேற வேலைய பாருங்க.

ஏன் ரிஜெக்ட் பண்ணீங்கன்னு மெயில் போட்டு கேக்கலாமா அக்கா? ஃப்ரெண்ட்ஸ் கேவலமா இருக்கும்ங்கறாங்க.
கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

கேவலம் எல்லாம் இல்ல, ஆனா பதில் வர்ற வாய்ப்பு கம்மி, பல யூனிவர்சிட்டி தனிப்பட்ட காரணம் சொல்றதில்லன்னு ரிஜெக்ட் மெயில்லயே போட்டுருவாங்க. அப்படி போடலன்னா, இல்ல இன்டர்வியூ வரைக்கும் போயிருந்தா, உன்கிட்ட பேசின ப்ரொஃபசருக்கு ஒரு சின்ன மெயில் போடலாம். "அடுத்த வருஷம் போடறப்ப எத வலுப்படுத்தணும்"னு கேளு. "ஏன் என்ன எடுக்கல"ன்னு கேட்டா அது வழக்கு மாதிரி ஆயிடும், வக்கீல் கிட்ட கேட்டுட்டு தான் பதில் போடுவாங்க. பதில் வரலன்னா விட்டுரு, ரெண்டாவது மெயில் வேண்டாம்.

கன்சல்டன்சில ஒருத்தரு திரும்ப பணம் கட்டினா அடுத்த வருஷம் கேரண்டியா அட்மிஷன் வாங்கித் தரேங்கறாரு. ஃபண்டிங்கும் வருமாம். நம்பலாமா?
வாசகர், மதுரை

மாஸ்டர்ஸுக்கு முழு ஃபீஸ் கட்டி சேர்ற இடம் சிலது இருக்கு, அங்க சீட்டு வாங்கறது அவ்வளவு கஷ்டம் இல்ல, அத தான் அவரு கேரண்டிங்கறாரு, அதுக்கு உங்க அப்பா வீட்டு பத்திரத்த பேங்க்ல வைக்கணும். ஃபண்டிங்கோட பிஎச்டிக்கு கேரண்டி குடுக்க அந்த டிபார்ட்மெண்ட் சேர்மனாலயே முடியாது. உங்க பேர்ல எல்ஓஆர் தயார் பண்ணி தரேன், எஸ்ஓபி எழுதி தரேன்னு சொன்னா இன்னும் தூரமா ஓடுங்க, போலி லெட்டர்னு தெரிஞ்சா குடுத்த அட்மிஷனையே ரத்து பண்ணுவாங்க, மாட்டறது நீங்க தான், அவரு போர்ட மாத்திட்டு அடுத்த தெருவுல கடை போட்டுருவாரு. ஏற்கனவே குடுத்த பணத்துக்கு ரசீது இருக்கான்னு பாத்து எடுத்து வைங்க. இல்லன்னா ஜிபே ஹிஸ்டரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க.